அங்க இப்ப மணி என்ன?

வீட்டில் அவன் பெயர் சிட்டு. வயது இருபத்தாறு. இருப்பது வீட்டுக்கு ஆறு மணி நேரம் பின்னால். ஊர், தெரு என்று விலாசம் சொல்வதைவிட இப்படிச் சொல்வதுதான் அவனுக்குச் சரியாக வரும். வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் இங்கே பல் தேய்த்துக்கொண்டிருப்பான். அவன் வேலை முடிந்து பஸ் ஏறும்போது அங்கே விளக்கை அணைத்துப் படுத்திருப்பார்கள். வந்து ஒன்றரை வருஷம் ஆனதில் மண்டைக்குள் இரண்டு கடிகாரம் ஓடப் பழகிவிட்டது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வீட்டில் மணி என்ன என்று சொல்லிவிடுவான்.

அம்மாவுக்குத்தான் அந்தக் கணக்கு ஏறவே இல்லை. கூட்டுவதா கழிப்பதா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புவாள். அதனால் எந்தப் போனிலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"அங்க இப்ப மணி என்னப்பா?"

அன்றைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். வயிற்றில் ஒரு கட்டி. வீட்டுக் கணக்கில் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அவன் கணக்கில் காலை பத்து. சிட்டுவின் குரலைக் கேட்காமல் ஸ்ட்ரெச்சரில் ஏறமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற பயம் அவளுக்கு. அதை அப்படிச் சொல்லாமல் இப்படிச் சொன்னாள்.

"பத்துக்குள்ள கூப்பிட்டுருடா," என்று அக்கா முன்தினமே எச்சரித்திருந்தாள். "இல்லன்னா டாக்டர் கையிலேர்ந்து கத்திய புடுங்கி என்னைக் குத்திருவாங்க உங்கம்மா."

சிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் லீவு கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தான். அதற்குள் அவன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியின் மேனேஜரே கூப்பிட்டுவிட்டார்.

பஸ் கம்பெனி ஒன்றின் டிப்போவில் ஒரு சர்வர் கம்ப்யூட்டர். நிறுத்தங்களில் தொங்கும் மின்பலகைகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் நேரம் போகிறது. அந்த நேரம் ஆறு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை வேலைக்குப் போக நிற்கிறவர்களுக்கு மத்தியான பஸ் வருகிறது என்று பலகை சொல்கிறது. ஜனங்கள் கத்துகிறார்கள்.

"நாலு எழுத்து தட்டற வேலை. சரி பண்ணிட்டு, அரை மணி நேரம் அது நிலைச்சு நிக்குதான்னு பக்கத்துல உட்கார்ந்து பாத்துட்டு வந்துரு," என்றார் மேனேஜர்.

எட்டு மணிக்கு உள்ளே போனால் ஒன்பதுக்கு வெளியே. ஒன்பதரைக்கு அம்மா. சிட்டு கணக்குப் போட்டான். கணக்கு சரியாகத்தான் வந்தது.

டிப்போ பழைய கட்டடம். பஸ்கள் எல்லாம் ஓடப் போய்விட்டதால் முற்றம் காலியாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. சர்வர் அறை கீழ்த்தளத்தில். ஒரு காலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த இடமாம். படிக்கட்டின் மேல்முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தமிழ் பேசும் செக்யூரிட்டி அக்கா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"போனை இதுல போடு தம்பி."

"அக்கா, இன்னைக்கு மட்டும் விடுங்கக்கா. அம்மாவுக்கு ஆபரேஷன்."

"ஒருத்தனுக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், ஒருத்தனுக்கு மச்சானுக்குக் கல்யாணம். தினம் ஒரு கதை கேக்கறேன். எவனோ உள்ள போட்டோ எடுத்துப் போட்டதுக்கு என் தலைய உருட்டிட்டாங்க. போடு." டப்பாவை நீட்டியவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். "வாட்ச் கட்ட மாட்டியா?"

"போன்லதான்க்கா மணி பாப்பேன்."

"நல்லா அனுப்பினாங்க போ. கடிகாரத்த ரிப்பேர் பண்ண வந்தவன் கையில கடிகாரம் இல்ல."

சிட்டு சிரித்துக்கொண்டே படியிறங்கினான். பாதியில் அவள் குரல் கேட்டது. சிரிப்பு இல்லாத குரல்.

"வேலைய முடிச்சோமா வந்தோமான்னு இரு. அந்த நாற்காலியில சாய்ஞ்சுராத."

"ஏன்க்கா?"

"ஏசி ஒத்துக்காது," என்று சொல்லிவிட்டு அவள் வேறெங்கோ பார்த்தாள்.

கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. ஜன்னல் இல்லாத அறை. மெஷின்களின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. சுவரில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். எப்போதோ ஒரு கடிகாரம் மாட்டியிருந்து கழற்றியிருக்கிறார்கள். ஒரு மேஜை, ஒரு திரை. பழைய மேஜைப் போன் ஒன்று. நாற்காலியின் முதுகில் யாரோ விட்டுப்போன சாம்பல் நிற ஸ்வெட்டர். இரும்பு வாசனைக்கும் தூசி வாசனைக்கும் நடுவில் இன்னொரு வாசனையும் இருந்தது. தலைவலித் தைலம். இப்போதுதான் யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்ட மாதிரி.

தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு சிட்டு வேலையை ஆரம்பித்தான்.

சர்வரில் நேரம் என்பது இரண்டு சங்கதி. ஒன்று, உள்ளே ஓடும் கடிகாரம். அது உலகத்துக்கெல்லாம் பொது. வெளியே இருக்கும் நேர சர்வரைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்னொன்று, அந்த நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் காட்டுவது என்ற டைம்ஸோன். வேலை தெரிந்தவன் டைம்ஸோனை மட்டும் மாற்றுவான். கடிகாரத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளமாட்டான். தள்ளினால் மெஷினைப் பொறுத்தவரை நடந்து முடிந்த நேரம் மறுபடியும் நடக்கும்.

டைம்ஸோன் என்னவாக இருக்கிறது என்று கேட்டான். திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ செய்தது.

அவன் வீட்டு நேரம்.

யாரோ நம்ம ஆள் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். வீட்டில் மணி என்ன என்று நிமிர்ந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறான். பாவம். சிட்டு அதை இந்த ஊருக்கு மாற்றினான். எட்டு மணி பதினேழு நிமிஷம். முடிந்தது.

பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் வீட்டு நேரம்.

திரும்ப மாற்றினான். திரும்பவும் போய்விட்டது. நேர சர்வரோடு இருக்கவேண்டிய தொடர்பை எவனோ துண்டித்து வைத்திருந்தான். இணைத்துப் பார்த்தான், ஏற்கவில்லை. கண் எரிந்தது. தூங்காத ராத்திரி கழுத்தில் உட்கார்ந்து அழுத்தியது. மனசெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எப்படியாவது ஒப்பேற்றிவிட்டுப் போவோம், நாளைக்கு வந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கடிகாரத்தைக் கையால் ஆறு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினான்.

எட்டு முப்பத்தொன்று. நின்றது. வீட்டு நேரத்துக்குத் தாவவில்லை, குழம்பவில்லை. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று சமத்தாக ஓடியது. இனி அரை மணி நேரம் காவல். கால் கடுத்தது. அறையில் இருந்ததோ ஒரே நாற்காலி.

உட்கார்ந்தான்.

இருக்கை சூடாக இருந்தது.

எழுந்துவிடலாமா என்று யோசித்தான். உடம்பு எழவில்லை. அவ்வளவு அசதி. மெஷினிலிருந்து வரும் சூடாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். விசிறிச் சத்தம் தாலாட்டு மாதிரி இறங்கியது. கண்ணை மூடவில்லை, திரையையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு மேஜைப் போன் அடித்தது.

"ஹலோ?"

கரகரவென்று தூரத்துச் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல். வயசான குரல்.

"அங்க இப்ப மணி என்னப்பா?"

அம்மா என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அம்மாவின் குரலைவிட மெலிசு. காற்றில்லாத நெஞ்சிலிருந்து வருகிற குரல்.

"எட்டு அம்பத்திரண்டுங்க. நீங்க யாரு?"

"அப்ப நேரம் இருக்கு."

"எதுக்குங்க?"

"கூப்பிடறேன்னு சொன்னியே. இங்க எல்லாரும் வந்து சுத்தி நிக்கறாங்க. நான்தான் போகாம இருக்கேன்."

வைத்துவிட்டாள். ராங் நம்பர். யாரோ ஒரு தாய், எந்தப் பிள்ளையையோ தேடுகிறாள். சிட்டு ரிசீவரை வைத்தான். வைக்கும்போது போன் லேசாக நகர்ந்தது. அதன் ஒயர் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி, சுருண்டு, முனை வெட்டப்பட்டுக் கிடந்தது.

எதிலும் செருகவில்லை.

அவன் திரையைப் பார்த்தான். மணி எட்டு நாற்பது.

இப்போதுதானே ஐம்பத்திரண்டு?

எட்டு நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. சமத்தாக ஓடியது. சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஐம்பத்திரண்டு வந்தது. போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்போது திரையில் எழுத்துகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக. கண் சரியாகத் தெரியாதவன் சாவியைத் தேடித் தேடித் தட்டுகிற வேகத்தில். அவன் தட்டியதே போன்ற கட்டளைதான்; கடிகாரத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளும் கட்டளை.

சிட்டுவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

மணி மறுபடி எட்டு நாற்பது ஆனது.

திரையை மேலே நகர்த்தினான். அதே வரி. அதற்கு மேலேயும் அதே வரி. நகர்த்த நகர்த்த அதே வரி வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. அவன் இந்த நாற்காலியில் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறான்?

தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். ஒரு வாய்தான் குடித்த ஞாபகம்.

பாட்டில் காலி.

உதடு வெடித்திருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. கால்கள் மரத்து, யாருடைய கால்களோ மாதிரி இருந்தன. தைல வாசனை கனத்தது. முதுகுப் பக்கம், ஸ்வெட்டர் தொங்கிய இடத்திலிருந்து, ஒரு பெருமூச்சு. அவனைப் போலவே தூங்காதவனுடைய பெருமூச்சு.

"அவசரப்படாத தம்பி," என்றது காதருகில். "இன்னும் நேரம் இருக்கு. அம்மா போகல."

சிட்டு நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான். எழுந்தான். கதவில் மோதிக்கொண்டு, படிகளில் கையும் காலுமாக ஏறி, வெளிச்சத்தில் வந்து விழுந்தான்.

செக்யூரிட்டி அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, அரை மணின்னு போனவன்? நான் டீ குடிச்சு, சாப்பாடும் சாப்பிட்டாச்சு. கதவைத் தட்டினா 'இன்னும் நேரம் இருக்கு, இன்னும் நேரம் இருக்கு'ங்கற..."

"அக்கா, மணி என்ன?"

"ஒண்ணரை."

போனை அவளுடைய பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து பிடுங்கினான். வீட்டில் ஏழரை. ஆபரேஷன் தொடங்கியிருக்கும், முடிந்திருக்கும், அல்லது... அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த தன் அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுடா," என்றாள் அக்கா. குரலில் களைப்பும் நிம்மதியும் இருந்தன. "நல்லபடியா முடிஞ்சுது. கண்ணைத் தொறந்துட்டாங்க. இப்பத் தூங்கறாங்க."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. "மன்னிச்சுருக்கா. என்னால கூப்பிட முடியல. உள்ள மாட்டிக்கிட்டேன்..."

"என்ன கூப்பிடல?"

"அம்மா நான் பேசாமலே உள்ள போயிட்டாங்களா?"

அக்கா சிரித்தாள். "டேய் சிட்டு, தூக்கத்துல உளர்றியா? முக்கால் மணி நேரம் பேசினியேடா. ஆபீஸ் நம்பர்லேர்ந்து. நர்ஸ் போனைப் புடுங்காத குறை. உங்கம்மா சிரிச்சுக்கிட்டே போனாங்க. இவ்வளவு நிதானமா நீ பேசினதே இல்லன்னு பெருமை வேற."

சிட்டு படிக்குக் கீழே இருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்ணுதான் சிரிப்பா இருந்துச்சு," என்றாள் அக்கா. "எடுத்த உடனே நீ கேட்ட, 'அங்க இப்ப மணி என்னம்மா'ன்னு. எப்பவும் அவங்கதான கேப்பாங்க."

செக்யூரிட்டி அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். அவன் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

முன்பு அந்த அறையில் ஒருவர் இருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்பார்கள். பத்து வருஷம் ஊருக்குப் போகாத மனுஷன். போன் கூடாது என்பதால் மேஜைப் போன் நம்பரைத்தான் வீட்டில் கொடுத்திருந்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கையானபோது, எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிடுகிறேன், எல்லோரும் பக்கத்தில் இருங்கள் என்று சொல்லி வைத்தார். அன்றைக்குப் பார்த்து மெஷின் கடிகாரத்தைச் சரிசெய்யும் வேலை. அவசரத்தில், தள்ளவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். திரையில் மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டபோது, பிள்ளையின் குரலுக்காகக் காத்திருந்தவள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"அதுக்கப்புறம் தினம் வருவார். கடிகாரத்தப் பின்னால தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார். எட்டு அம்பத்திரண்டு வந்தா ரிசீவரை எடுப்பார். பித்துப் புடிச்ச மாதிரி. ஒரு நாள் மேல வரவே இல்ல. நான்தான் போய்ப் பாத்தேன்." அவள் தொண்டையைச் செருமினாள். "அந்த நாற்காலியிலதான். போன் ஒயர அன்னைக்கே வெட்டியாச்சு தம்பி. அந்த நம்பரே இப்ப கிடையாது."

சிட்டு மறுபடி அந்தப் படி இறங்கவில்லை. வேறு ஆட்கள் போனார்கள். பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தார்கள். டைம்ஸோன் சரி, கடிகாரம் சரி, நேர சர்வரோடு தொடர்பும் சரி. ஆனாலும் காலையில் நிறுத்தத்தில் நிற்கும்போது அவன் பலகையைப் பார்ப்பான். எட்டு ஐம்பத்திரண்டு ஆகும்போது, இமைக்கிற நேரம், அதில் வீட்டு நேரம் வந்துபோகும். பக்கத்தில் நிற்கிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தாள். தேறினாள். சிட்டு தன் மத்தியான இடைவேளையில் பத்து நிமிஷம் கிடைத்தால் கூப்பிடுவான். பாதி நேரம் கொட்டாவியிலேயே போகும். நல்லா இருக்கியாம்மா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"காலைல பேசறப்ப எவ்வளவு ஆசையா பேசற," என்றாள் அம்மா ஒரு நாள். "இப்ப மட்டும் ஏன் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி பறக்கற?"

அவன் காலையில் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின நாளும் கூப்பிடவில்லை.

சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் தாங்குவாளா? அதோடு இன்னொன்றும் இருந்தது. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. காலையில் கூப்பிடுகிற அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்கிறது. இவனுக்கு இல்லை. அம்மாவின் வலியை, பக்கத்து வீட்டுச் சண்டையை, அப்பாவைப் பற்றிய பழைய கதைகளை உட்கார்ந்து கேட்க அங்கே ஒருத்தன் இருக்கிறான். ஆபரேஷன் அன்றைக்கு இவன் செய்யவேண்டியதை அவன்தான் செய்தான். நன்றி சொல்வதா, பயப்படுவதா?

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். எடுத்ததுமே குரல் சரியில்லை.

"அம்மா ஒரு மாதிரி இருக்காங்கடா. மத்தியானம் சோறு போட்டா 'விடியலையே, அதுக்குள்ள எதுக்கு'ங்கறாங்க. எல்லாரும் படுத்தப்புறம் எழுந்து உட்கார்ந்து சாயங்காலம்னு தலை வாரிக்கறாங்க. ரொம்ப மெலிஞ்சுட்டாங்க. உன்கிட்டதான் பேசிக்கிட்டே இருக்காங்க போல. கொஞ்சம் தூங்க விடேன்."

"போனை அம்மாகிட்ட குடு."

அம்மா வந்தாள். முதல் முறையாக அவள் மணி கேட்கவில்லை.

"அம்மா," என்றான் சிட்டு. "காலைல நான் பேசறப்ப என்னம்மா கேக்கறேன்?"

"என்ன கேப்ப, அதேதான். இங்க மணி என்னன்னு கேப்ப. நான் கடிகாரத்தப் பாத்துச் சொல்லுவேன்."

"அப்புறம்?"

"'இல்லம்மா, இன்னும் அவ்வளவு ஆகல, தள்ளி வையி'ன்னு சொல்லுவ." அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெலிசாக, காற்றில்லாத நெஞ்சிலிருந்து வந்தது. "நானும் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால தள்ளி வச்சுடுவேன். அப்பத்தான இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம்."

அம்மாவின் அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னான் அக்காவை. பார்த்தாள். அது ஆறு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சிட்டு டிக்கெட் போட்டுவிட்டான். கிளம்பிக்கொண்டிருக்கிறான். வந்து சேரும்வரை, இதை வீட்டில் யார் படித்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்து, அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். போனில் சிட்டுவின் குரல் வந்து அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டால், பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். சிட்டு மணி கேட்கமாட்டான். அவனுக்குத் தெரியும். கேட்கிறவன் அவன் இல்லை.